நைனாவின் டிக்டிக் பேனா

வீராசாமிக்கு வாய் ஓயாது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் விடும்போது, மூச்சு விட இடமில்லாத கூட்டத்திலும், இடுப்பில் குழந்தை வைத்திருக்கிற பெண்ணிடம் இதற்கு எப்போது மொட்டை அடித்தீர்கள், யார் மடியில் வைத்துக் காது குத்தினீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். வீட்டுக்கு வந்தால் சாம்பாரில் உப்பு குறைந்ததற்கு ஒரு பிரசங்கம், டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்கு ஒரு எதிர்ப்பேச்சு. சிங்கவரத்தில் அவர் வீட்டு வழியாக அவசரமாகப் போகிறவர்கள் தெருவின் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போவார்கள். மாட்டினால் பஸ்ஸை விட வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. அவர் மகள் கலைவாணியும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கலைவாணி ஐடிஐயில் டர்னர் படித்தவள். இரும்புத் தண்டை லேத்தில் கட்டி, தலைமுடி கனத்துக்குச் சீவி எடுக்கத் தெரிந்தவள். படிப்பு முடிந்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். அவள் பெயரும் இருக்கிறது, போனில் கூப்பிடுவார்கள் என்றார்கள். காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்து வந்த தையில் கல்யாணம். மாப்பிள்ளை தனசேகரனுக்குச் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் மரக் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கட்டை, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் கடைந்து கொடுப்பான். நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பல வருஷம் கழித்து, கூடப் படித்த நிலாவின் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில்தான் விஷயம் வெளியே வந்தது.

"உனக்குத் தெரியாதாடி? கம்பெனியிலேர்ந்து உங்க வீட்டு நம்பருக்குப் பேசினாங்களாம். உங்க நைனாதான், எம்பொண்ணு வரமாட்டா, வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாராம்," என்றாள் நிலா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

கலைவாணி பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து சிங்கவரத்துக்குப் போவது குறைந்தது. போனால் காபி குடிப்பாள், அம்மா குஞ்சம்மாளிடம் நாலு வார்த்தை பேசுவாள், வண்டியைத் திருப்பிவிடுவாள். நைனாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் கத்தியிருப்பார், இவளும் கத்தியிருப்பாள், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சரியாகப் போயிருக்கும். அவள் கேட்கவில்லை. ஊரில் உள்ள குப்பையெல்லாம் பேசுகிற மனுஷன் இதையும் தானே வாய் திறந்து சொல்லட்டும் என்று இருந்தாள். வீம்பில் அவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

பேனா வேலை தற்செயலாக வந்ததுதான். பட்டறையில் மிஞ்சுகிற துண்டுக் கட்டையெல்லாம் டீக்கடை அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். கலைவாணி மும்பையிலிருந்து பேனா கிட் வரவழைத்தாள். கிட் என்றால் பெரிய சமாச்சாரமில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் பித்தளைக் குழாய் ஒன்று, முன்னால் திருகுகிற மூக்கு, ஸ்பிரிங், ரீஃபில், சட்டைப் பையில் மாட்டும் கிளிப், பின்னால் அமுக்குகிற பட்டன். மரத்துண்டில் துளை போட்டுக் குழாயை உள்ளே ஒட்டி, கடைந்து, உப்புத்தாள் தேய்த்து, மெழுகு ஏற்றி, மற்ற உருப்படிகளை இரண்டு முனையிலும் அழுத்திச் சொருகினால் ஒரு டிக்டிக் பேனா. கோட்டை பார்க்க வருகிறவர்கள் வாங்கினார்கள். ஓய்வு பெறுகிற வாத்தியார்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுக்கவும் ஆர்டர் வந்தது.

விற்ற பேனாக்கள் போன வழியே திரும்பியும் வந்தன. சும்மா இருக்கிற கை பட்டனை அமுக்கிக்கொண்டேதான் இருக்கும்; வெறும் அழுத்தத்தில் நிற்கிற சாமான் எத்தனை நாள் தாங்கும். பட்டன் லொடலொடத்து, ஒரு நாள் கையோடு வந்துவிடும். கலைவாணி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். குழாயின் உள்வாயை உப்புத்தாளால் சுரண்டிச் சொரசொரப்பாக்கினாள். இரண்டு டியூப் பசையைக் கலந்து, தீக்குச்சி முனையில் தொட்டு ஒரே ஒரு வளையம் இழுத்து, வைஸ் பிடியில் வைத்து அழுத்தினாள். பசை பட்டனுக்குள் வழிந்து அதையே பிடித்துக்கொள்ளாமல் இருக்க, பட்டன் மேலே பார்க்கும்படி அரிசி டப்பாவில் குத்தி நிறுத்திக் காயவிட்டாள். அப்புறம் ஒரு பேனாவும் பட்டன் பிடுங்கிக்கொண்டு திரும்பி வரவில்லை. மூக்குப் பக்கம் மட்டும் பசை படவே கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தாள். அதைத் திருகித்தானே ரீஃபில் மாற்ற வேண்டும்.

போன வருஷம் ஆடியில் வீராசாமிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்தன. வாயும் போயிற்று. புத்தியில் ஒரு குறையும் இல்லை, காதும் கண்ணும் முன்னைப் போலவே. ஆனால் ஊளை மாதிரி ஒரு சத்தம் தவிர வேறு எதுவும் வெளியே வரவில்லை. அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்ட பிறகு அவர் அதையும் நிறுத்திவிட்டார். தெருவில் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போனவர்களெல்லாம் இப்போது வாசலில் வந்து நின்று ஏதாவது பேசமாட்டாரா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இடது கையில் எழுதப் பழகுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூடி போட்ட பேனாவை ஒரு கையால் திறக்க முடியவில்லை. கடையில் வாங்கிய பட்டன் பேனா ஒல்லியாக இருந்தது, பிடி நிற்காமல் வழுக்கியது. குஞ்சம்மாள் போனில் இதைச் சொன்னபோது கலைவாணி உம் கொட்டினாள். மறுநாள் காலையில் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு ஒரு பூவரசந்துண்டை லேத்தில் ஏற்றினாள். கோபம் வேறு, இது வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நடுவில் சப்பாத்திக் கட்டையின் கைப்பிடி மாதிரி பருமனாக விட்டு, உள்ளங்கையில் உட்காரும்படி கடைந்தாள். ஒரு கட்டைவிரல் இருந்தால் போதும், டிக் என்று அமுக்கலாம், எழுதலாம்.

நைனா எழுதிய முதல் வார்த்தை 'உப்பு'. குஞ்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் காட்டி, அது இன்னவென்று தெரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எழுதினதைவிட அவர் அமுக்கினதுதான் அதிகம். ஒரு வாரம் கழித்து அம்மா போன் செய்தாள்.

"வாணி, உங்க நைனா விசிலடிக்கிறாருடி."

"இன்னாம்மா சொல்ற?"

"நீ வந்து பாரேன்."

போய்ப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்த அதே கணக்கு. ஒரு டிக் என்றால் நில். சோறு ஊட்டும்போது போதும் என்பதற்கு ஒரு டிக், வெளியே போகிற குஞ்சம்மாளை நிறுத்த ஒரு டிக். இரண்டு டிக் என்றால் ரைட், போகலாம். கலைவாணி கிளம்பும்போது அவளைப் பார்த்து இரண்டு டிக் கொடுத்தார். முகத்தில் பாதிதான் அசையும், அந்தப் பாதியில் ஒரு சிரிப்பு இருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தக் கணக்கு தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு முறையும் ரைட் வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுப்பாள்.

தொல்லை பேனாவின் மூக்கில் ஆரம்பித்தது. ஒரு கைக்குள்ளேயே பேனாவை உருட்டி உருட்டி வைத்திருப்பார். மூக்கு மெல்லக் கழன்று, ஸ்பிரிங் துள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். உடனே சிங்கவரத்திலிருந்து போன் வரும். ஓடிப்போய் மாட்டிவிட்டு வருவாள். மறுபடி போன் வரும். செஞ்சியிலிருந்து சிங்கவரம் வண்டியில் பத்து நிமிஷம். தூரம் ஒரு சாக்கே இல்லை. ஆனால் அந்த அறையில் போய் உட்காருவதுதான் அவளுக்கு முடியாததாக இருந்தது. பேசிக்கொண்டே இருந்த மனுஷன் மேல் கோபமாக இருப்பது சுலபம். பேசாமல் படுத்துக்கொண்டு கண்ணாலேயே பின்தொடர்கிற மனுஷன் மேல் எப்படிக் கோபப்படுவது, எப்படிப் படாமல் இருப்பது என்று தெரியவில்லை.

ஒரு நாள் பேனாவைப் பட்டறைக்கு எடுத்து வந்து மூக்கின் மரையில் பசை தடவினாள்.

தனசேகரன் எட்டிப் பார்த்தான். "மூக்குலயா போடுற? மை தீந்தா இன்னா பண்ணுவ?"

"தீந்தா வேற செஞ்சு குடுத்துக்கலாம். ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் ஓடினு இருக்க முடியாது என்னால."

 அவள் மரையைக் கடைசிவரை முறுக்கி, வழிந்த பசையைத் துணியால் துடைத்து, அரிசி டப்பாவில் நிறுத்தினாள். அவள் செய்த பேனாக்களிலேயே கெட்டியானது அதுதான். கீழே போட்டாலும் கழலாது, தலைகீழாக நின்றாலும் யாராலும் திருக முடியாது. அதற்கப்புறம் ஸ்பிரிங் காணோம் என்று போன் வரவில்லை. அவளும் போகவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் போனாள். குஞ்சம்மாள் மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். அறையில் இரண்டு பேர் மட்டும். மேலே ஃபேன் சத்தம். நைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித்தான் வாய் வந்ததோ, இத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நைனா, அந்தக் கம்பெனிக்காரன் போன் பண்ணப்போ நான் வரமாட்டேன்னு நீதான சொன்ன?"

கண் இமைக்காமல் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? வேணாம்னு சொல்றதுன்னா எம்மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதான? நான் அதுக்கப்புறமும் நாள்கணக்கா போன் பக்கத்துலயே ஒக்காந்துனு இருந்தேன், அது தெரியும் உனக்கு. ஏன் நைனா அப்படிப் பண்ண?"

கட்டிலில் கிடந்த பழைய காலண்டர் தாளின் மேல் பேனா இறங்கியது. டிக். முனை வெளியே வந்தது.  தாளைத் தொட்டது, எழுந்தது, மறுபடி தொட்டது. ஒரு எழுத்தும் விழவில்லை. கலைவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்கு அது பொறுக்க முடியாத நேரமாக இருந்தது, அவ்வளவுதான்.

"வுடு. வாய் இருந்தப்பவே சொல்லாதவன், இப்ப எழுதித்தான் கிழிக்கப் போற," என்றாள்.

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல் அப்போதே இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள். ரேஷன் பையோடு உள்ளே நுழைந்த அம்மாவிடம் வேலை இருக்கிறது என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

டிக்.

இரண்டாவதற்காக ஒரு கணம் காது கொடுத்தாள். வரவில்லை. ஒன்றே ஒன்றுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

இரண்டு நாள் கழித்து குஞ்சம்மாள் போன் செய்தாள். "பேனா எழுதமாட்டேங்குதுடி. நீ போனதும் பேப்பர் குடுன்னு கையக் கையக் காட்னாரு. குடுத்தேன். கிறுக்கிக் கிறுக்கிப் பாத்தாரு, ஒண்ணும் வுழல. மூக்கத் தெறக்கலாம்னா வரல, நானும் பல்லால கடிச்சுக்கூட பாத்தேன். மை தீந்துபோச்சா இன்னா?"

"தீந்திருக்கும்."

"கடப் பேனா குடுத்தா வழுக்குது. இத யார்ட்டயாவது குடுத்து அனுப்பலாம்னா கைய விட்டுக் குடுக்கமாட்றாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"காலேஜ் ஆர்டர் ஒண்ணு இருக்குதும்மா. அமாவாச தாண்டட்டும், புதுசாவே ஒண்ணு செஞ்சு எடுத்துனு வரேன்."

ஆர்டர் இருந்தது உண்மைதான். ஆனால் போனை வைக்கும்போது மனசுக்குள் இன்னொன்றும் ஓடியது: நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன், அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும். பெற்ற அப்பனைப் பற்றி அப்படி நினைத்தாள். நினைத்தது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியைத்தான் அவள் இன்றுவரை தூக்கிப்போட முடியாமல் வைத்திருக்கிறாள்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். பேனா எழுதாவிட்டாலும் டிக் போட்டுக்கொண்டே இருக்கிறாராம். ஒவ்வொன்றாக. ரோட்டில் ஸ்கூட்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒன்று. "நீதான் வரேன்னு நெனைக்கிறாரு போல," என்றாள் குஞ்சம்மாள். கலைவாணி அன்று சாயங்காலமே காலேஜ் ஆர்டரை ஓரம் கட்டிவிட்டு இன்னொரு பூவரசந்துண்டை எடுத்தாள். பழைய பேனாவின் அளவு கைக்குள் இருந்தது. பட்டனுக்குப் பசை போட்டு அழுத்தினாள், மூக்கைச் சும்மா திருகி வைத்தாள், அரிசி டப்பாவில் நிறுத்தினாள். காய்ந்ததும் காலையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று படுத்தாள்.

காலையில் அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல்கள் ஊரை இடித்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தன. அம்மாவின் போன் வந்தபோது கலைவாணியே முந்திக்கொண்டு, "கெளம்பிட்டேம்மா, பேனா ரெடி," என்றாள். அம்மா பேனாவைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது தடவை வந்த பக்கவாதம் மிச்சமிருந்த இடது கையையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். உயிர் இருக்கிறது. கண் பார்க்கிறது, காது கேட்கிறது என்றும் சொல்கிறார்கள். விரல் ஒன்றும் அசையவில்லை.

வீடு திரும்பிய அன்று கலைவாணி பழைய பேனாவைக் கேட்டு வாங்கினாள். மூக்கில் அம்மாவின் பல் பட்ட தடம் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்து, மூக்கை மட்டும் தீயில் காட்டினாள். அந்தப் பசை சூட்டுக்கு இளகும். அது அவளுக்கு எப்போதும் தெரிந்த விஷயம். எத்தனையோ பேனாவை அப்படிப் பிரித்திருக்கிறாள். பக்கத்து அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் துணி சுற்றித் திருகியதும் மூக்கு கழன்று கையில் வந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. பத்து நிமிஷம் வண்டி, பால் பொங்குகிற நேரம் அடுப்பு. இதற்குத்தான் அமாவாசை தாண்டட்டும் என்றாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குஞ்சம்மாள் பாலை இறக்கிவிட்டு மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த மனுஷன் என்ன எழுத நினைத்தார் என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. தப்புதான் என்று எழுதியிருக்கலாம். நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதிச் சண்டைக்கு வந்திருக்கலாம், அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் எழுதியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவளுக்கு இப்போது போதும். சண்டையாக இருந்தால்கூடப் போதும்.

புது ரீஃபில் போட்டு உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். நீலமாக விழுந்தது. அறைக்குள் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"நைனா, பேனா எழுதுது," என்றாள்.

கண்கள் அவள் பக்கம் திரும்பின. பருத்த நடுப்பகுதியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். எதுவும் பிடிக்கவில்லை, அவள் கைதான் வெளியிலிருந்து பிடித்திருந்தது. அவர் கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்து, அதன் மேல் தன் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

டிக்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழ்ந்து அறை மங்கியது. தனசேகரனிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. குஞ்சம்மாள் விளக்கைப் போட்டுவிட்டு வாசற்படியில் நின்றாள்.

"நேரமாவுதேடி. கெளம்பலையா?"

கலைவாணி நைனாவின் கட்டைவிரலைப் பட்டன் மேலிருந்து எடுக்கவில்லை.

"நைனா இன்னும் ரைட் குடுக்கலம்மா," என்றாள்.